பழைய வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு... வேண்டாம் என்றால் பணம் திரும்புமா?

மாட்டுச் சந்தையில் பல் பார்க்காமல், சுழி பார்க்காமல், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்காமல் யாரும் அச்சாரம் கொடுப்பதில்லை. அதே ஆட்கள் பழைய வண்டி என்று வரும்போது, புதிதாக அடித்த பெயின்ட்டையும் டயரின் கறுப்பையும் பார்த்துவிட்டு, தரகர் அவசரப்படுத்தியதும் மடியிலிருந்து பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்து பார்ப்பார். அல்லது வீட்டில் சண்டை வரும். அல்லது வங்கியில் கடன் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அப்போதுதான் கேள்வி எழும்: கொடுத்த முன்பணம் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு பதில்கள் உலவுகின்றன. 'அட்வான்ஸ் கொடுத்தா கொடுத்ததுதான், திரும்ப வராது' என்பது ஒன்று. 'வண்டியே எடுக்கலை, அப்புறம் என்ன, முழுசா திருப்பித் தரணும்' என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி யாருக்குப் பொருந்தும் என்பது, வேண்டாம் என்று சொல்வதற்கான காரணத்தையும் கையில் இருக்கும் ரசீதையும் பொறுத்தது.

முப்பதாயிரம் ரூபாயும் ஒரு துண்டுச் சீட்டும்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. பழைய குட்டியானை ஒன்றுக்கு 3,20,000 ரூபாய் விலை பேசுகிறார்கள். "அண்ணே, பேப்பர் எல்லாம் கரெக்ட்டா இருக்கு. லோன் கீன் ஒண்ணும் கிடையாது. நாளைக்குப் பழனியில இருந்து ஒரு பார்ட்டி வர்றார். இன்னிக்கே ஏதாச்சும் போட்டு வெச்சிருங்க" என்கிறார் தரகர். நகையை அடகு வைத்த பணத்தில் 30,000 ரூபாய் கைமாறுகிறது. 'குட்டியானைக்கு அட்வான்ஸ் ரூ.30,000 பெற்றுக்கொண்டேன்' என்று வண்டிக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். அதில் வண்டி எண் இல்லை. மொத்த விலை இல்லை. மீதியை எப்போது கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை.

மூன்றாம் நாள், கல்லூரியில் படிக்கும் மகன் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கிறான். தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி, முடிந்து நாலு மாதம் ஆகிறது. ஆர்.சி-யைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், அதில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. "லோன் கட்டி முடிச்சாச்சுண்ணே, என்.ஓ.சி வாங்குறதுதான் பாக்கி" என்கிறார் வண்டிக்காரர். வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றால், "உங்களை நம்பி வேற ஆளைத் திருப்பி அனுப்பிட்டேனே" என்கிறார்.

இந்தக் குடும்பத்துக்கு முப்பதாயிரம் என்பது சின்னத் தொகை கிடையாது. ஒரு ஏக்கர் தக்காளிக்கு நாற்றும் உரமும் அதில்தான் வாங்கியாக வேண்டும். அடகு வட்டி வேறு ஓடுகிறது. இவர்கள் பக்கம் சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வண்டி வாங்க ஒப்புக்கொண்ட பிறகு இத்தனை நாளுக்குள் மனதை மாற்றிக்கொள்ளலாம் என்ற பொதுவான உரிமை எதுவும் நம் நாட்டில் கிடையாது. வாய்ப்பேச்சாக இருந்தாலும், விலை பேசி முடித்து முன்பணம் கைமாறிவிட்டால் அது ஒப்பந்தம்தான். பத்திரத்தில் எழுதவில்லையே என்பது ஒரு காரணமாக நிற்காது. எழுதாததால் வரும் தொல்லை, என்ன பேசினோம் என்பதை நிரூபிப்பதில்தான் இருக்கிறது.

பொய் சொல்லி விற்றால் முழுப் பணம்

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இன்றும் இந்த விவகாரங்களுக்கு அடிப்படை. விற்பவர் சொன்ன பொய்யை நம்பி ஒருவர் சம்மதித்திருந்தால், அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை ஏமாந்தவருக்கு உண்டு என்கிறது அதன் 19-வது பிரிவு. ரத்து செய்தால் கொடுத்த பணம் திரும்ப வர வேண்டும். நஷ்டம் ஏற்பட்டிருந்தால் அதற்கும் ஈடு கேட்கலாம். 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் கைகொடுக்கும். விற்கும் பொருளின் மேல் வாங்குபவருக்குச் சொல்லாத கடன் பாத்தியதை எதுவும் இல்லை என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் விற்பனைக்குள் அடக்கம் என்கிறது அதன் 14-வது பிரிவு.

ஆக, 'லோன் கிடையாது', 'பேப்பர் எல்லாம் கரெக்ட்' என்று சொல்லி விற்ற வண்டியில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், எஃப்.சி முடிந்திருந்தால், வாங்கியவர் பின்வாங்குவதற்கு நியாயம் இருக்கிறது. எஃப்.சி விஷயம் லேசானது கிடையாது. தகுதிச் சான்று நடப்பில் இல்லாத சரக்கு வண்டியை, முறையாகப் பதிவான வண்டியாகவே மோட்டார் வாகனச் சட்டம் கருதுவதில்லை. அந்த வண்டியில் தக்காளி ஏற்றிப் போய் வழியில் விபத்து என்றால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க அதுவே போதும்.

இங்கே ஒரு முள்ளும் இருக்கிறது. விற்பவர் தெரியாமல் தவறாகச் சொல்லியிருந்தாலோ, சொல்லாமல் மறைத்திருந்தாலோ, 'சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே வாங்கியவருக்கு உண்மை தெரிந்திருக்கும்' என்று எதிர்வாதம் செய்ய அதே 19-வது பிரிவு இடம் கொடுக்கிறது. செயலியில் இரண்டு நிமிடத்தில் தெரியும் விஷயத்தை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். தெரிந்தே பொய் சொன்னார் என்று காட்ட முடிந்தால் இந்த வாதம் எடுபடாது. அதனால்தான் 'லோன் இல்லை' என்று தரகர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவோ, விளம்பரத்தின் படமோ முக்கியம். அவற்றை அழித்துவிடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியும் குறைகளில் இந்தச் சலுகை இல்லை. டயர் தேய்மானம், பாடியில் துரு, கதவு சரியாக மூடாதது இதெல்லாம் பார்த்து வாங்க வேண்டியவை. பார்த்து, பேரம் பேசி, விலை குறைத்துவிட்டு, அப்புறம் அதையே காரணம் காட்டிப் பின்வாங்க முடியாது. இன்ஜின் புகை தள்ளுவதும் பல நேரங்களில் இந்தக் கணக்கில்தான் சேரும், 'இன்ஜின் வேலை பார்த்து ஆறு மாசம்தான் ஆச்சு' என்று விற்பவர் பொய்யாக வாக்குக் கொடுத்திருந்தால் ஒழிய.

வெறுமனே மனசு மாறினால்?

வண்டியில் ஒரு குறையும் இல்லை. அண்ணன் வண்டி கிடைத்துவிட்டது, அல்லது வேறு செலவு வந்துவிட்டது. அதனால் வேண்டாம் என்கிறார் வாங்கியவர். இங்கே வாக்கை மீறியவர் அவர்தான். அப்படியானால் விற்பவர் மொத்த முன்பணத்தையும் வைத்துக்கொள்ளலாமா?

இதற்குப் பதில் ஓர் உருளைக்கிழங்கு வழக்கில் கிடைக்கிறது. 1947-ல் உத்தரப்பிரதேசத்தில் ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு வழங்க ஓர் ஒப்பந்தம், கோழி, முட்டை, மீன் வழங்க இன்னோர் ஒப்பந்தம் என்று மௌலா பக்ஸ் என்ற ஒப்பந்ததாரர் எடுத்திருந்தார். முதலாவதற்கு 10,000 ரூபாயும் இரண்டாவதற்கு 8,500 ரூபாயும் வைப்புத்தொகை கட்டியிருந்தார். சொன்னபடி அவர் சரக்கு வழங்கவில்லை. அரசாங்கம் ஒப்பந்தங்களை ரத்து செய்து, வைப்புத்தொகை மொத்தத்தையும் எடுத்துக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1969-ல் வந்த தீர்ப்பு, தவறு செய்த ஒப்பந்ததாரருக்கே பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. காரணம் எளிமையானது. உருளைக்கிழங்கும் முட்டையும் சந்தையில் கிடைக்கும் பொருள்கள். வேறு இடத்தில் என்ன விலைக்கு வாங்கினோம், எவ்வளவு கூடுதலாகச் செலவானது என்று அரசாங்கம் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. கணக்குப் போடக்கூடிய நஷ்டத்தைக் கணக்குக் காட்டாமல் வைப்புத்தொகையை விழுங்க முடியாது என்பதுதான் சாரம்.

பழைய வண்டியும் அப்படித்தான், விலை போட்டுப் பார்க்கக்கூடிய பொருள். 3,20,000-க்குப் பேசிய வண்டியை அடுத்த மாதம் வேறொருவருக்கு 3,10,000-க்கு விற்றால், விற்றவரின் நஷ்டம் 10,000 ரூபாய். அதோடு, திரும்ப விளம்பரம் செய்த செலவு, இடையில் கட்டிய இன்ஷூரன்ஸ் என்று நியாயமான ஏதாவது இருக்கலாம். 3,25,000-க்கு விற்றுவிட்டால் நஷ்டமே இல்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே ஒரு வேறுபாடு சொல்லப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். விலையின் ஒரு பகுதியாகக் கொடுத்த பணம் வேறு. வாக்கு மாற மாட்டேன் என்பதற்கு ஈடாகக் கொடுத்த பணம் வேறு. இரண்டாவதற்குத் தமிழில் அழகான, பழைய பெயர் இருக்கிறது: அச்சாரம். அச்சாரமாகக் கொடுத்த தொகை நியாயமான அளவில் இருந்து, கொடுத்தவரே பின்வாங்கினால், அதை வைத்துக்கொள்ள விற்பவருக்கு உரிமை உண்டு. 2012-ல் ஒரு வீட்டு விற்பனை வழக்கில், 70 லட்சம் ரூபாய் விலைக்கு 7 லட்சம் அச்சாரம் கொடுத்துவிட்டுப் பின்வாங்கியவரின் தொகையை விற்பவர் வைத்துக்கொண்டது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வாங்குபவர் தவறினால் தொகை பறிபோகும் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது.

2015-ல் வந்த இன்னொரு தீர்ப்பு வாங்குபவர் பக்கம் சாய்ந்தது. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982-ல் ஏலம் விட்ட ஒரு மனையை 3.12 கோடி ரூபாய்க்கு ஒரு நிறுவனம் எடுத்து, 78 லட்சம் ரூபாய் அச்சாரம் கட்டியிருந்தது. மீதித் தொகை விவகாரம் வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் ஆணையம் அச்சாரத்தைப் பறிமுதல் செய்தது. அதே மனையை 1994-ல் மறு ஏலம் விட்டபோது 11.78 கோடிக்குப் போனது. நஷ்டமே இல்லாமல் லாபம் பார்த்தவர், அச்சாரத்தையும் வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்று கேட்டு, திருப்பிக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம்.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், துண்டுச் சீட்டில் வெறுமனே 'அட்வான்ஸ்' என்று எழுதியிருக்கும் நம் 30,000 ரூபாய், விலையின் ஒரு பகுதி என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. பறிமுதல் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. 'அச்சாரம், வாங்குபவர் தவறினால் திருப்பித் தரப்படாது' என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அப்போதுகூட விலையில் பாதியை வாங்கிவைத்துக்கொண்டு, அது அச்சாரம் என்று சொன்னால் எடுபடாது. பத்து சதவிகிதம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று தரகர்கள் சொல்வது வழக்கம்தான். அந்த எண்ணிக்கை சட்டப் புத்தகத்தில் எங்கும் கிடையாது.

கடன் கிடைக்கவில்லை என்றால்?

பின்வாங்குவதற்கு அடிக்கடி காரணமாவது இதுதான். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வண்டியின் வயதைப் பார்த்துத்தான் கடன் தருகின்றன. பேசிய விலைக்குக் கடன் வராமல் போகலாம், குறைவாக வரலாம், அடியோடு வராமலும் போகலாம். கடன் கிடைத்தால்தான் வாங்குவேன் என்று விலை பேசும்போதே சொல்லி, விற்பவரும் ஒப்புக்கொண்டிருந்தால், கடன் வராதபோது ஒப்பந்தம் தானாகவே முடிந்துவிடும், முழுப் பணமும் திரும்ப வேண்டும். சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்தால், கடன் கிடைக்காதது வாங்குபவரின் பாடு. விற்பவர் அதற்குப் பொறுப்பாக மாட்டார். ஒரே ஒரு வரி எழுதாததால் போகும் பணம் இது.

விற்பவர் வாக்கு மாறினால், அதாவது கூடுதல் விலைக்கு வேறு ஆளிடம் தள்ளிவிட்டால், முன்பணம் முழுவதையும் திருப்பித் தந்தாக வேண்டும். அதே மாதிரி வண்டியை வாங்கியவர் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் அந்த வித்தியாசத்தையும் கேட்கலாம். 'இரட்டிப்பாகத் தரணும்' என்பது சந்தை வழக்கு. எழுதி ஒப்புக்கொண்டிருந்தால்கூட, நீதிமன்றம் நியாயமான ஈட்டைத்தான் பார்க்கும்.

ரசீதில் என்ன இருக்க வேண்டும்

வெள்ளைத்தாள் போதும். தேதி, இரண்டு பேரின் பெயர், முகவரி, கைப்பேசி எண், வண்டியின் பதிவு எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண், மொத்த விலை, கொடுத்த தொகை, மீதி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பவை வரிசையாக வர வேண்டும். அதற்குக் கீழே இப்படி எழுதலாம்:

'மேற்படி வண்டியின் மீது கடன், வரி பாக்கி, அபராத பாக்கி, வழக்கு எதுவும் இல்லை என்றும், எஃப்.சி-யும் இன்ஷூரன்ஸும் நடப்பில் உள்ளன என்றும் விற்பவர் உறுதி கூறுகிறார். வாங்குபவரின் மெக்கானிக் வண்டியைச் சோதித்து ஒப்புக்கொள்வதற்கும், வாங்குபவருக்கு 15 நாள்களுக்குள் கடன் கிடைப்பதற்கும் உட்பட்டே இந்த முன்பணம் கொடுக்கப்படுகிறது. இவற்றில் எது தவறினாலும் முன்பணம் முழுவதும் 7 நாள்களுக்குள் திருப்பித் தரப்படும். வாங்குபவர் வேறு காரணத்துக்காகப் பின்வாங்கினால் ரூ.2,000 மட்டும் கழித்துக்கொள்ளப்படும்.'

கடைசி வரி விற்பவருக்கும் நல்லது. எவ்வளவு கழிப்பது என்ற சண்டை முன்கூட்டியே தீர்ந்துவிடுகிறது. இதில் கையெழுத்துப் போடத் தயங்கும் ஆளிடம் வண்டி வாங்கலாமா என்பதை, அவர் எந்த வரியில் தயங்குகிறார் என்பதை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம்.

பணத்தை யுபிஐ-யிலோ வங்கி வழியாகவோ போடுவது பாதுகாப்பு. போடும்போது குறிப்புப் பகுதியில் வண்டி எண்ணையும் போட்டுவிட்டால் அதுவே ஒரு சாட்சி. ரொக்கமாகக் கொடுத்தால் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரே வண்டி விற்பனைக்காக 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது, வாங்குபவர் தவணையாகக் கொடுத்தாலும்கூட. அபராதம் விழுவது பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மேல். தன் வண்டியை விற்கும் விவசாயி இதைக் கவனிக்க வேண்டும்.

பணம் யார் கையில் போனது?

தரகர் கையில் முன்பணம் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். வண்டிக்காரர் சொல்லித்தான் தரகர் வாங்கினார் என்றால், அது வண்டிக்காரரே வாங்கியது மாதிரி. தரகர் அவராகவே வாங்கிவைத்துக்கொண்டு, வண்டிக்காரர் 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொன்னால், தரகரிடம்தான் கேட்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் அந்த இடத்திலேயே ஆர்.சி-யில் பெயர் உள்ளவரிடம் போனில் பேசி, 'இன்னாரிடம் இவ்வளவு கொடுத்திருக்கிறேன்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியும் அனுப்பிவிட்டால் இந்தக் குழப்பமே வராது. ஆர்.சி-யில் ஒருவர் பெயர், விற்பவர் இன்னொருவர் என்றால், நடுவில் எத்தனை கை மாறியிருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

பழைய வண்டிகளைத் தொழிலாகவே வாங்கி விற்கும் கடைகளுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தப்படி, 2023 ஏப்ரல் 1 முதல் இவர்கள் போக்குவரத்து அதிகாரிகளிடம் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டியைக் கடையில் ஒப்படைத்ததும் அதைப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டால், அங்கீகாரம் பெற்ற கடைக்காரரே அந்த வண்டிக்குப் பொறுப்பாளி. கடையில் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எங்கே போய்க் கேட்பது?

முதலில் எழுத்து. எதற்காக ஒப்பந்தத்தை ரத்து செய்கிறீர்கள், எவ்வளவு பணம், எத்தனை நாளுக்குள் வேண்டும் என்று அரைப் பக்கக் கடிதம் எழுதி, ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகைச் சீட்டோடு அனுப்புங்கள். நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். இதில் தாமதம் கூடாது. குறை தெரிந்த பிறகும் மீதிப் பணம் கட்டுவது, வண்டியை எடுத்து நாலு நடை ஓட்டுவது என்று போனால், குறையோடு ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

கடைக்காரரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் சட்டம் துணைக்கு வரும். விலையில் ஒரு பகுதி மட்டும் கொடுத்திருந்தாலும் நுகர்வோர்தான். சரக்கு வண்டி வியாபாரத்துக்கு வாங்கியது, அதனால் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். தன் பிழைப்புக்காக, சுயதொழிலாக, தானே ஓட்ட வாங்கியவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 1995-ல் உச்ச நீதிமன்றமும் இதை விளக்கியிருக்கிறது. நாலு வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டுபவருக்குத்தான் சிக்கல்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும், புகார் செய்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் போடலாம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

பக்கத்து ஊர்க்காரர் தன் சொந்த வண்டியை விற்கிறார் என்றால் நுகர்வோர் ஆணையம் உதவாது. அவர் வியாபாரி இல்லையே. அங்கே வழி உரிமையியல் நீதிமன்றம், மூன்று ஆண்டுக் கெடு. முப்பதாயிரத்துக்காக வழக்குப் போட்டு நடப்பது யாருக்கும் கட்டாது என்பது தெரிந்ததுதான். அதனால் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போவது நல்லது. வழக்குப் போடுவதற்கு முன்பே, கட்டணமில்லாமல், எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசித் தீர்த்துவைப்பார்கள். மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு எழுதினால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீலும் உண்டு. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். ஒரே வண்டியைக் காட்டிப் பல பேரிடம் முன்பணம் வாங்கியவர், போலி ஆர்.சி காட்டியவர், தனக்குச் சொந்தமில்லாத வண்டியை விற்றவர் என்றால் அது மோசடிக் குற்றம். புகார் கொடுத்து, மனு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். பேசிய பேச்சில் வந்த தகராறு என்றால், இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படி அனுப்புவதில் தப்பும் இல்லை.

விற்பவர் பக்கமும் ஒரு கண்

அதே விவசாயி நாளைக்குத் தன் பழைய வண்டியையோ டிராக்டரையோ விற்கும் இடத்தில் இருப்பார். முன்பணத்தை வாங்கிக்கொண்டு, "மாமா நம்ம ஆளுதானே" என்று வண்டியையும் சாவியையும் கொடுத்துவிடுவது கிராமங்களில் சர்வ சாதாரணம். பெயர் மாறாமல் வண்டி போனால் விபத்துப் பொறுப்பு பழைய பெயரோடுதான் நிற்கும். 2018-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ஹரியானா வழக்கு ஒன்றில், ஒரு கார் பல கை மாறியிருந்தும் ஆர்.சி-யில் மட்டும் பெயர் மாறவில்லை. விபத்தில் இறந்த குழந்தையின் குடும்பத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பு, எப்போதோ விற்றுவிட்டு மறந்துபோன முதல் உரிமையாளர் தலையில் விழுந்தது. விற்றவர் 14 நாள்களுக்குள் படிவம் 29-ஐப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் படிவம் 30 மூலம் பெயர் மாற்ற வேண்டும். கடன் இருந்த வண்டி என்றால் நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி-யும் படிவம் 35-ம் வேண்டும். டிராக்டரோடு டிரெய்லரையும் விற்றால் அதற்குத் தனி ஆர்.சி இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும்.

வாங்க வந்தவர் மீதிப் பணத்தோடு வராமல் இழுத்தடித்தால், விற்பவர் பாட்டுக்கு வேறு ஆளுக்கு விற்றுவிடக் கூடாது. இன்ன தேதிக்குள் வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து, வண்டியை வேறு ஒருவருக்கு விற்பேன் என்று எழுதி அனுப்பி, அந்த நாள் கடந்த பிறகு விற்க வேண்டும். விற்ற விலைக்கு அத்தாட்சி வைத்திருந்தால், முன்பணத்தில் எவ்வளவு கழிப்பது என்பதற்கு அதுவே கணக்கு.

இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு பேச்சை முறித்தால், பணம் திரும்பும் நேரத்தில் பழைய ரசீதை வாங்கிக் கிழித்துவிட்டு மட்டும் போகக் கூடாது. 'இன்ன வண்டி எண்ணுக்குக் கொடுத்த முன்பணத்தில் ரூ.28,000 திரும்பப் பெற்றுக்கொண்டேன், இனி இருவருக்கும் பாக்கி எதுவும் இல்லை' என்று எழுதி இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவம் 29, 30, ஆதார் நகல், ஆர்.சி நகல் எதுவாக இருந்தாலும் கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும். தரகர் பையில் இருக்கும் வெற்றுப் படிவமும் அதில் சேர்த்தி.